ராத்திரி லைட்டடியில் நின்றவர்களுக்கு விடிந்ததும் கண் எரிகிறதா? எங்கே பார்ப்பது, எதை முதலில் அணைப்பது

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் மாசியில் மயானக் கொள்ளை, பங்குனியில் தேர், ஆடியில் அம்மன் பண்டிகை, நடுநடுவே கபடி, வாலிபால் போட்டி என்று வருஷம் முழுக்க ராத்திரி லைட் கட்டும் வேலை இருந்துகொண்டே இருக்கும். ஃபோகஸ் லைட் கட்டுவதும் பழுது பார்ப்பதும்தான் என் தொழில். லைட் எரியவில்லை என்று போன் வந்தால் பதற்றமில்லை, போய்ச் சரி செய்துவிடலாம். "லைட்டெல்லாம் நல்லாத்தான் எரிஞ்சுச்சு, ஆனா காலையில ஒருத்தனாலயும் கண்ணைத் தொறக்க முடியல" என்று வரும் போனுக்குத்தான் பதற வேண்டும். அங்கே பெரும்பாலும் உடைந்த பல்பு ஒன்று உடைந்தபடியே எரிந்துகொண்டிருக்கும்.

வெயிலில் இருக்கும் அதே புற ஊதாக் கதிர்தான் இங்கேயும் வில்லன். ஃபோகஸ் லைட்டில் போடும் மெட்டல் ஹாலைடு (நாங்கள் சுருக்கமாக மெட்டல் லைட் என்போம்), மெர்குரி பல்புகளுக்குள் அது ஏராளமாக உண்டாகிறது. வெளியே வராமல் தடுப்பது கண்ணாடி மட்டும்தான். கண்ணாடி போனால் பாதுகாப்பும் போயிற்று. வெளிச்சம் மட்டும் குறையாது என்பதால் யாருக்கும் சந்தேகமே வராது.

இதைப் படிக்கும்போதே சந்தேகமான லைட் எரிந்துகொண்டிருந்தால் முதலில் அணைத்துவிடுங்கள். மெட்டல் லைட்டை ஒரு தடவை அணைத்தால் சூடு தணிந்து திரும்ப எரிய பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். "ஆட்டம் நின்னுடும், முடிஞ்சப்புறம் பாத்துக்கலாம்" என்று கமிட்டிக்காரர்கள் தடுப்பது அதனால்தான். ஆட்டம் நிற்கட்டும், அணையுங்கள்.

அறிகுறி 1: நிகழ்ச்சி முடிந்து சில மணி நேரம் கழித்துப் பலருக்கும் கண்ணில் மண் விழுந்த மாதிரி உறுத்தல்

கண் சிவந்து தாரை தாரையாகத் தண்ணீர் வடியும். ட்யூப் லைட்டைக்கூடப் பார்க்க முடியாது. இமைக்குள் மணல் அரைபடுவது போல வலிக்கும். லைட்டடியில் நிற்கும்போது ஒன்றுமே தெரியாது, பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரம் கழித்துத்தான் வலி தொடங்கும். அதிகமாகப் பட்டிருந்தால் இன்னும் சீக்கிரமே வரும். சாயங்காலம் கபடி ஆடியவனுக்கு நடுராத்திரிக்கு மேல் வரும். பத்து மணிக்குக் கூத்துக் கட்டியவருக்கு விடிகிற நேரத்திலோ வீடு போய்ச் சேர்ந்த பிறகோ வரும். இந்த இடைவெளியால்தான் பழி வேறெதன் மேலாவது விழுந்துவிடுகிறது.

அதனால் லைட்டைத் தொடுவதற்கு முன் யார் யாருக்கு வந்தது, அவர்கள் எங்கே நின்றார்கள், எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று விசாரியுங்கள்.

மெட்ராஸ் ஐ என்றால் பீளை தள்ளும், காலையில் இமை ஒட்டிக்கொள்ளும், இன்று ஒருவர் நாளை இன்னொருவர் என்று பரவும். லைட்டால் வந்தது ஒரே ராத்திரியில் அத்தனை பேருக்கும் வந்து, ஓரிரு நாளில் அத்தனை பேருக்கும் தணியும். ஜெனரேட்டர் புகையோ மைதானத்துப் புழுதியோ காரணமென்றால் அங்கே இருக்கும்போதே எரிந்திருக்கும், வீட்டுக்கு வந்து முகம் கழுவியதும் குறைந்திருக்கும்.

கூத்துக் கலைஞர்கள் பெரும்பாலும் அரிதாரத்தைத்தான் சந்தேகப்படுவார்கள். ஒரு தடவை வாத்தியார் ஒருவர் என்னிடம், "அரிதாரத்துல ஏதோ கலப்படம் தம்பி, கண்ணைக் கொண்டுபோகுது" என்றார்.

"வாத்தியாரே, மத்தளம் அடிச்சவருக்கு எப்படி இருக்கு?"

"அவருக்கும்தான் எரியுதாம். ஆர்மோனியக்காரர் எந்திரிக்கவே இல்ல."

அவர்கள் இரண்டு பேரும் அரிதாரமே பூசவில்லை. ஆனால் ராத்திரி முழுக்க மேடையின் பின்பக்கம் உட்கார்ந்து, முன்னால் கட்டிய லைட்டைப் பார்த்தபடியே வாசித்திருக்கிறார்கள். திரைக்குப் பின்னால் வேஷம் கட்டிவிட்டவருக்கு ஒன்றுமில்லை, லைட்டுக்குப் பின்னால் பாய் விரித்து உட்கார்ந்த சனத்துக்கும் ஒன்றுமில்லை. எந்த லைட் என்பது இந்த விசாரணையிலேயே பாதி தெரிந்துவிடும். விளையாட்டுப் போட்டியிலும் இப்படித்தான். இரண்டு அணிக்கும் வந்ததா, ஒரு மூலையில் உட்கார்ந்தவர்களுக்கு மட்டும் வந்ததா, ஸ்கோர் மேசையில் இருந்தவருக்கு வந்ததா என்று கேட்டால் கம்பம் எது என்று தெரிந்துவிடும்.

இனி லைட்டுக்கு வருவோம். மெயினை அணைத்து, குறைந்தது அரை மணி நேரம் ஆறவிட்டு, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். எரியும்போது நிமிர்ந்து உற்றுப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று நினைத்தால் அடுத்துக் கண் எரியப் போவது உங்களுக்குத்தான்.

*முன்கண்ணாடி இருக்கிறதா?* செலவு குறைந்த காரணம் இதுதான், அடிக்கடி மாட்டுவதும் இதுதான். குட்டியானையில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு போகும்போது ஃபோகஸின் முன்கண்ணாடி விரிசல் விடும், சட்டம் தளர்ந்து நழுவும். சிலர் கண்ணாடியே இல்லாமல் கட்டிவிட்டு, "காத்து பட்டா பல்பு சூடாகாது" என்று ஒரு காரணமும் சொல்வார்கள். விரிசல், மூலை உடைசல், கழன்ற சட்டம் எது இருந்தாலும் கண்ணாடியை மாற்றுங்கள். அதே ஃபிட்டிங்குக்கு உரிய டஃபன்ட் கிளாஸ், அதாவது சூடு தாங்கும்படி கெட்டியாக்கிய கண்ணாடிதான் வேண்டும். ஜன்னல் கண்ணாடியை வெட்டிப் போட்டால் சூட்டில் சிதறித் தலையில் விழும். அக்ரிலிக் ஷீட்டும், கலர் காட்ட ஒட்டும் ஜெலட்டின் தாளும் சூட்டில் உருகும். அவற்றை நம்பி இந்த வேலையைக் கொடுக்கக் கூடாது.

*பல்பின் வெளிக்கண்ணாடி முழுசாக இருக்கிறதா?* என் அனுபவத்தில் ஆபத்து அதிகமானது இதுதான். மெட்டல் ஹாலைடு பல்பைக் கையில் எடுத்துப் பார்த்தால் பெரிய முட்டை வடிவக் கண்ணாடிக்கு நடுவில் சுண்டுவிரல் அளவில் ஒரு சின்னக் குழல் தெரியும். எரிவது அந்தக் குழல்தான். அது குவார்ட்ஸால் ஆனது, புற ஊதாக் கதிரை அப்படியே வெளியே விடும். பிடித்து நிறுத்துவது சுற்றியிருக்கும் பெரிய கண்ணாடி. வாலிபால் பட்டோ, சித்திரை மாத ஆலங்கட்டி விழுந்தோ, சூடாக எரியும் பல்பின் மேல் மழைச் சாரல் பட்டோ அந்தக் கண்ணாடி மட்டும் உடைந்து விழும். உள்குழலுக்கு ஒன்றும் ஆகாது. பல்பும் அணையாது, மணிக்கணக்கில் எரியும். கீழே நிற்பவர்கள் வெறும் குழலின் முழுக் கதிரையும் முகத்தில் வாங்கிக்கொண்டிருப்பார்கள்.

இதைக் கண்டுபிடிக்க மேலே ஏறத் தேவையில்லை. காலையில் கம்பத்தடியில் மெல்லிய, வளைந்த கண்ணாடிச் சில்லுகள் கிடக்கின்றனவா என்று பாருங்கள். முன்கண்ணாடி உடைந்தால் தட்டையான சில்லு விழும், பல்பு உடைந்தால் வளைந்த சில்லு விழும். மூடிய ஃபிட்டிங் என்றால் சில்லு உள்ளேயே தங்கியிருக்கும். ஒரு பைனாகுலரிலோ, போன் கேமராவில் பெரிதாக்கியோ பார்த்தால் பல்பின் உருண்டை இருக்கிறதா, வெறும் கம்பிக் கூடும் குழலும் மட்டும் நிற்கிறதா என்பது தெளிவாகத் தெரியும்.

வெளிக்கண்ணாடி உடைந்தால் 15 நிமிடத்துக்குள் தானாக அணைந்துவிடும் ரகம் ஒன்று உண்டு. பள்ளி உள்விளையாட்டரங்கம், கூரை போட்ட மைதானம் மாதிரி இடங்களுக்கு அதைக் கேட்டு வாங்குவது நல்லது. நம் பக்கத்துச் சின்னக் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் அணையாத ரகம்தான். வெளிக்கண்ணாடி உடைந்த பல்பை எந்த நிகழ்ச்சிக்காகவும் இன்னொரு ராத்திரிக்கு ஓட்டாதீர்கள்.

*பல்பும் ஃபிட்டிங்கும் பொருந்துகின்றனவா?* இரண்டு முனையிலும் மாட்டும் நீளமான மெட்டல் ஹாலைடு பல்புகள் உண்டு. அவை மூடிய ஃபிட்டிங்குக்காகவே செய்தவை, முன்கண்ணாடி இல்லாமல் எரிக்கவே கூடாது. திருகு ஹோல்டரில் மாட்டும் பல்புகள் பலவற்றிலும், மூடிய ஃபிட்டிங்கில் மட்டும் பயன்படுத்துங்கள் என்று அட்டைப்பெட்டியில் எச்சரிக்கை இருக்கும். கடைக்காரர் அட்டை இல்லாமல் தாளில் சுருட்டிக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

*மேடை லைட்டா?* ஷார்பி மாதிரி பீம் லைட்டுக்குள் இருப்பதும் இதே குடும்பத்துப் பல்புதான். முகப்பு லென்ஸ் இல்லாமலோ, உள்ளே இருக்க வேண்டிய ஃபில்டரைக் கழற்றியோ, ஆட்களுக்கு மிக அருகிலோ வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். வாடகைக்கு எடுத்ததென்றால் நீங்கள் திறக்க வேண்டாம், கொடுத்தவரைக் கூப்பிட்டுத் திறக்கச் சொல்லுங்கள்.

சோடியம் லைட், அதாவது மஞ்சளாக எரியும் தெருவிளக்கு ரகம், சந்தேகப் பட்டியலில் கடைசி. அதிலிருந்து வரும் புற ஊதா மிகக் குறைவு.

*எப்போது ஆளைக் கூப்பிடுவது?* கம்பத்தில் ஏற வேண்டும் என்றால் அப்போதே. இக்னைட்டர் இருக்கும் ஃபிட்டிங்கில் பல்பு பற்றும் நேரத்தில் ஆயிரக்கணக்கான வோல்ட் துடிப்பு பாயும், அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். ஊர் இளைஞர்கள் உற்சாகத்தில் ஏறிவிடுவார்கள், கமிட்டிதான் தடுக்க வேண்டும். உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, "பல்பு மாத்தணும்" என்று சொல்வதோடு நிறுத்தாமல், "வெளிக்கண்ணாடி உடைஞ்சே எரிஞ்சுச்சு" என்றும் சொல்லுங்கள். அப்போதுதான் மற்ற ஃபிட்டிங்குகளையும் அவர் பார்ப்பார்.

அறிகுறி 2: வெயிலில் போகாமலே முகம், கழுத்து, கை சிவந்து எரிகிறது

கண்ணும் எரிகிறது என்றால் அறிகுறி 1தான், அங்கேயே பாருங்கள். கண் தப்பித்துத் தோல் மட்டும் சிவந்திருந்தால், அவர் லைட்டுக்கு முதுகையோ பக்கவாட்டையோ காட்டிக்கொண்டு இருந்திருப்பார். சிவப்புக்கு எல்லை இருக்கிறதா என்று கவனியுங்கள். சட்டைக் காலர் விட்ட இடத்தில் கோடு போட்ட மாதிரி நிற்கும். துண்டு போட்டிருந்த தோள் வெளுப்பாகவே இருக்கும். இடது கன்னம் மட்டும் சிவந்திருந்தால் லைட் இடது பக்கம். பூச்சிக்கடிக்கும் அலர்ஜிக்கும் இப்படி ஓரம் கட்டிய எல்லை இருக்காது.

தோல் சிவப்பு சில மணி நேரத்தில் தொடங்கி, மறுநாள் வரைக்கும்கூட ஏறும். கொப்புளம் வந்தால் உடைக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். டாக்ஸிசைக்ளின் மாதிரி சில மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்கு வெளிச்சம் சீக்கிரம் சுடும். என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

அறிகுறி 3: யாருக்கும் எதுவும் இல்லை, ஆனால் லைட் ஒரு மாதிரியாக எரிகிறது

யாரும் துன்பப்படுவதற்கு முன்னால் பிடிக்கக் கிடைத்த வாய்ப்பு இது. விட்டுவிடாதீர்கள்.

வரிசையில் ஒரு லைட் மட்டும் மற்றவற்றைவிட நீலமாக, குத்துகிற மாதிரி எரிகிறதா? பல்பு பழசானாலும் நிறம் மாறும், அதனால் இது மட்டும் போதாது. காற்று இல்லாத நேரத்தில் லைட்டுக்குப் பக்கத்தில் குளோரின் போல, ஜெராக்ஸ் மெஷின் போலக் காரமான வாடை வருகிறதா? உள்குழலின் கதிர் நேரடியாகக் காற்றில் பட்டால் ஓசோன் உண்டாகும், அந்த வாடைதான். நிறமும் வாடையும் சேர்ந்திருந்தால் அணைத்துவிட்டு அறிகுறி 1இல் சொன்னபடி பாருங்கள். பந்து பட்டு "டங்" என்று சத்தம் வந்து, சில்லு விழுந்து, லைட் மட்டும் எரிகிறது என்றால் வாடைக்காகக் காத்திருக்க வேண்டாம்.

ரூபாய் நோட்டை லைட்டில் காட்டி, அதன் இழை மினுங்குகிறதா என்று பார்த்துச் சோதிக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. நோட்டு மினுங்குவது நீண்ட அலைப் புற ஊதாவுக்கு. அது பழுதில்லாத பல்பிலிருந்தும் கொஞ்சம் வரும். கண்ணைச் சுடும் குறுகிய அலையைப் பற்றி நோட்டு எதுவும் சொல்லாது. மீட்டர் வைத்து அளப்பதானாலும் அந்தக் குறுகிய அலையை அளக்கும் சென்சார் வேண்டும், அது விலை கூடிய சமாசாரம். உடைந்ததா இல்லையா என்று கண்ணாடியைப் பார்ப்பதே நமக்குப் போதும்.

அறிகுறி 4: தொழிற்கூடத்திலோ ஓட்டலிலோ, பூச்சி பிடிக்கும் பெட்டிக்குப் பக்கத்தில் வேலை செய்கிறவருக்கு மட்டும் கண் எரிகிறது

மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள மாங்கூழ் ஆலைகளில் ராத்திரி பகலாக வேலை நடக்கும். ஈ மொய்க்கும் இடம், அதனால் சுவரில் நீல லைட் போட்ட பூச்சிப் பெட்டிகள் இருக்கும். பால் சேகரிக்கும் இடங்கள், பேக்கரி, பிரியாணிக் கடை என்று எங்கும் இப்போது இந்தப் பெட்டி உண்டு. அந்தப் பெட்டியால் கண் எரியாது. அதில் தவறான ட்யூப் மாட்டினால்தான் எரியும்.

பூச்சிப் பெட்டிக்கான ட்யூபும், தண்ணீரிலும் காற்றிலும் கிருமியைக் கொல்லும் ட்யூபும் ஒரே நீளம், ஒரே தடிமன், ஒரே பின். ஒன்றின் ஹோல்டரில் மற்றது அப்படியே உட்காரும், எரியவும் எரியும். இரண்டுமே நீலமாகத் தெரியும். கடையில் போய் "புளூ ட்யூப்" என்று கேட்டால் எது வேண்டுமானாலும் வரும்.

கண்டுபிடிப்பது சுலபம். பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ட்யூபைப் பாருங்கள். பூச்சிப் பெட்டியின் ட்யூப் உள்பக்கம் வெள்ளைப் பூச்சு பூசியிருக்கும், அல்லது கண்ணாடியே கரு நீலமாக இருக்கும். கிருமி கொல்லும் ட்யூப் தண்ணீர் பாட்டில் மாதிரி தெளிவாக இருக்கும், இரு முனையிலும் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் அப்படியே தெரியும். முனையில் அச்சிட்ட எழுத்தையும் படியுங்கள். எஃப்15டி8 என்று தொடங்கி பி.எல். என்று முடிந்தால் பூச்சிக்கானது. ஜி15டி8, ஜி30டி8, டி.யூ.வி., யூ.வி.-சி என்றெல்லாம் இருந்தால் கிருமிக்கானது, உடனே கழற்றுங்கள்.

அந்தத் தெளிவான ட்யூப் எவ்வளவு கடுமையானது என்பதற்கு ஒரு கணக்கு. 30 வாட் கிருமி ட்யூபிலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் நின்றால், ஒரு தொழிலாளிக்கு எட்டு மணி நேரத்துக்கு என்று உலக அளவில் வைத்திருக்கும் வரம்பு சுமார் ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதனடியில் நின்று ஒரு ஷிப்ட் முழுக்கப் பழம் தரம் பிரிக்கும் பெண்களை நினைத்துப் பாருங்கள். பெட்டி முகம் உயரத்தில் இருந்தால் இன்னும் மோசம்.

ட்யூப் சரியானதுதான், ஆனாலும் எரிகிறது என்றால் ஆலைக்குள் வேறு எங்கே கிருமி விளக்கு இருக்கிறது என்று தேடுங்கள். தண்ணீர் சுத்திகரிக்கும் ஸ்டீல் குழாய் பக்கத்து மூடி திறந்தே ஓடுகிறதா? பேக்கிங் அறையில் ஆள் இல்லாதபோது மட்டும் எரிய வேண்டிய விளக்கு, கதவு சுவிட்ச் பழுதாகி ஆள் இருக்கும்போதும் எரிகிறதா? கதவு சுவிட்சை நாமே நேரடியாக இணைத்து ஒப்பேற்றுவது கூடவே கூடாது. மெஷின் கம்பெனி ஆளை வரவழையுங்கள், அவர் வரும்வரை அறையைப் பூட்டிவையுங்கள். நிர்வாகம் கண்டுகொள்ளவில்லை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்திடம் தொழிலாளர் புகார் கொடுக்கலாம்.

அறிகுறி 5: மண்டபத்தில் நீல, ஊதா ட்யூப் கட்டி ரிசப்ஷன் நடந்தது, வந்தவர்களுக்குக் கண்ணும் தோலும் எரிகிறது

கொரோனா காலத்தில் வாங்கிய கிருமி ட்யூப்கள் பல இடங்களில் மூலையில் கிடக்கின்றன. நீலமாக அழகாக எரிகிறதே என்று யாராவது மேடைக்குக் கட்டிவிட்டால் போதும். இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2017இல் ஹாங்காங்கில் ஒரு விருந்தில் கிருமி ட்யூபை அலங்கார லைட்டாகக் கட்டி, வந்தவர்கள் கண்ணும் தோலும் எரிந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அதே ஊரில் 2023 நவம்பரில் நடந்த இன்னொரு விழாவிலும் பலருக்குக் கண் எரிந்தது. ஒரு மூலையில் கட்டியிருந்த புற ஊதா லைட்டுகளே பெரும்பாலும் காரணம் என்று விழா நடத்தியவர்களே விசாரித்துச் சொன்னார்கள்.

சோதனை அறிகுறி 4இல் சொன்னதுதான். தெளிவான கண்ணாடி ட்யூப் என்றால் உடனே அணைத்து இறக்குங்கள். வெள்ளை உடை பளீரென்று ஒளிரக் கட்டும் கறுப்பு ட்யூப் ரகம் அவ்வளவு கடுமையானதில்லை, ஆனாலும் முகத்துக்கு நேராக, கைக்கு எட்டும் தூரத்தில் கட்ட வேண்டாம். தூரத்தை இரண்டு மடங்காக்கினால் மேலே படுவது பல இடங்களில் நாலில் ஒரு பங்கு வரைக்கும் குறையும். காசு செலவில்லாத பாதுகாப்பு அதுதான்.

அன்றைய விருந்தினர் எல்லோருக்கும் தகவல் சொல்லுங்கள். கல்யாண வீட்டாருக்குச் சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் சொல்லாவிட்டால் வந்தவர்கள் மெட்ராஸ் ஐ என்று நினைத்துக் கண்ட சொட்டு மருந்தையும் ஊற்றிக்கொள்வார்கள்.

அறிகுறி 6: லைட் அருகே பிளாஸ்டிக் மஞ்சளாகிப் பொடிகிறது, பேனர் ஒரு பக்கம் மட்டும் வெளுக்கிறது

நிரந்தரமாக லைட் போட்ட கடை, குடோன், உள்விளையாட்டரங்கங்களில் இதைப் பார்க்கலாம். ஒயர் மேல்தோல் விரலால் தொட்டதும் உதிரும். சூட்டாலும் இப்படி ஆகும். லைட்டுக்கு நேராகப் பார்க்கும் பக்கம் மட்டும் கெட்டு, மறைவான பக்கம் நன்றாக இருந்தால் கதிர் கசிவைச் சந்தேகப்படலாம். முன்கண்ணாடியையும் பல்பையும் பாருங்கள். ஒயர் தோல் உதிர்ந்திருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு லைனை மாற்றுங்கள், தீ விபத்து அதில்தான் தொடங்கும்.

அறிகுறி 7: முழுக்க எல்.இ.டி.தான், அப்படியும் கண் எரிகிறது

சாதாரண வெள்ளை எல்.இ.டி. லைட்டில் புற ஊதா அநேகமாக இல்லை. வேறு பக்கம் தேடுங்கள். அன்று பந்தலுக்கு யாராவது வெல்டிங் வைத்தார்களா? சுற்றி நின்று வேடிக்கை பார்த்த பிள்ளைகளுக்கும் இதே வலி, இதே மணிக் கணக்கில் வரும், ஏனென்றால் இரண்டும் ஒரே பாதிப்புதான். எல்.இ.டி. வரிசைக்கு நடுவில் பழைய மெட்டல் லைட் ஒன்று சேர்ந்திருக்கிறதா? ஜெனரேட்டர் புகை ஆட்கள் பக்கம் அடித்ததா? எதுவும் இல்லையென்றால் வெளிச்சத்தால் வரும் கண் கூச்சம்தான், லைட்டை உயர்த்தி கீழ்நோக்கித் திருப்பினால் குறையும்.

மெட்டல் லைட்டை விட்டு எல்.இ.டி.க்கு மாறுவதுதான் இருப்பதிலேயே செலவு கூடிய தீர்வு. இருந்தாலும் பள்ளி மைதானத்துக்கும் உள்ளரங்கத்துக்கும் அதைத்தான் சொல்வேன். பிள்ளைகள் அடிக்கும் பந்து லைட்டில் படாமல் இருக்காது. மாறும்வரை கம்பிவலைக் கூண்டு போடுங்கள். வலை பந்தைத் தடுக்குமே தவிர கதிரைத் தடுக்காது, கண்ணாடி கட்டாயம்.

கண் எரிகிறவருக்கு என்ன செய்வது

இருட்டான அறையில் படுக்க வையுங்கள். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றச் சொல்லுங்கள். கண்ணைத் தேய்க்க விடாதீர்கள். சுத்தமான துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்து, மூடிய இமை மேல் போடலாம். வலிக்குப் பாராசிட்டமால் போதும். மருந்துக் கடையில் கிடைக்கும் கண்ணீர் போன்ற ஈரச் சொட்டு போட்டால் உறுத்தல் தணியும். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிரண்டு நாளில், 24 முதல் 48 மணி நேரத்தில் சரியாகிவிடும்.

தாய்ப்பால், விளக்கெண்ணெய், எலுமிச்சைச் சாறு எதையும் கண்ணுக்குள் விடக் கூடாது. அன்போடு செய்கிறார்கள், எனக்குத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் கருவிழியின் மேல்தோல் உரிந்த நிலையில் இருக்கும். கிருமி உள்ளே போனால் பார்வைக்கே ஆபத்து. வெல்டிங் பட்டறைகளில் வைக்கும் உருளைக்கிழங்கு வில்லை வெறும் குளிர்ச்சிக்குத்தான், அதற்கு ஈரத்துணியே மேல். கண்ணை மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தை வீட்டில் வைத்துத் திரும்பத் திரும்ப ஊற்றவே கூடாது. வலி தெரியாது, புண்ணும் ஆறாது. யாருக்கோ எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டு சொட்டும் அப்படித்தான்.

பார்வை மங்கினாலோ, ஒரு கண்ணில் மட்டும் வலி இருந்தாலோ, பீளை வந்தாலோ, கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தாலோ, ஒரு நாள் ஆகியும் வலி இறங்காவிட்டாலோ, சின்னப் பிள்ளையாக இருந்தாலோ காத்திருக்க வேண்டாம். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன, கண் பிரிவுக்கு நேராகப் போங்கள். போனதும், "ராத்திரி இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரை மெட்டல் லைட்டுக்கு முன்னால் இருந்தேன், பல்பு உடைந்திருந்தது, இத்தனை பேருக்கு இப்படி" என்று சொல்லுங்கள். கூட்டத்தில் பார்க்கும் டாக்டருக்கு லைட் விஷயம் நினைவுக்கு வர வாய்ப்பில்லை, நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

உடைந்த பல்பை இறக்கும்போது

லைனை அணைக்கும் எம்.சி.பி. சுவிட்சை இறக்கி, ஜெனரேட்டரில் ஓடுகிறதென்றால் அதையும் நிறுத்தி, அங்கே ஒரு ஆளை நிறுத்திவையுங்கள். லைட் வரவில்லையே என்று யாராவது போட்டுவிடுவார்கள். தோல் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும். வெளிக்கண்ணாடி மட்டும் உடைந்து உள்குழல் முழுசாக இருந்தால் பாதரசம் உள்ளேயே இருக்கும், குழலைத் தட்டாமல் அடியைப் பிடித்துத் திருகி எடுங்கள். உள்குழலும் வெடித்திருந்தால் ஆட்களை விலக்கி, கதவு ஜன்னலைத் திறந்து அரை மணி நேரம் விடுங்கள். துடைப்பமும் வாக்குவம் கிளீனரும் வேண்டாம், இரண்டும் பாதரசத்தைப் பரப்பிவிடும். அட்டையால் அள்ளி, மிச்சத்தை ஈரத் தாளில் ஒற்றியெடுத்து, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, மேலே "உடைந்த மெர்குரி பல்பு" என்று எழுதுங்கள். அதைக் குப்பைமேட்டில் வீசாமல் மின்னணுக் கழிவு எடுக்கிறவரிடம் கொடுங்கள்.

புதுப் பல்பு போட்டதும் முன்கண்ணாடிச் சட்டத்தின் நாலு திருகையும் இறுக்கி, ரப்பர் வாஷர் ஓரம் மடங்காமல் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்துவிட்டு மேலே ஏற்றுங்கள்.